கை அடிக்கடி மரத்துப்போகுதா? கழுத்தைக் கொஞ்சம் கவனிங்க!

பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்தபடி நிற்கிறீர்கள். ரெண்டு ஸ்டாப் தாண்டுவதற்குள் கை கனக்க ஆரம்பிக்கிறது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் 'சுருசுரு'வென்று மரத்துப்போகின்றன. கையை இறக்கி நாலு உதறு உதறினால் சரியாகிவிடுகிறது. தலை சீவும்போது, துணி காயப்போடும்போது, மல்லாந்து படுத்துக்கொண்டு போனை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்து ரீல்ஸ் பார்க்கும்போது... மறுபடியும் அதே கதை.

வீட்டில் சொன்னால், "கையை மடக்கி அது மேலேயே படுத்திருப்ப" என்பார் அம்மா. ஆபீஸில் சொன்னால், "பி12 கம்மியா இருக்கும் மச்சி, டெஸ்ட் எடுத்துப் பாரு" என்பான் நண்பன். பல நேரங்களில் அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கும். ஆனால், கையைத் தூக்கும்போதெல்லாம் இப்படி ஆகிறது என்றால், கோளாறு கையில் இல்லை, கழுத்தில் இருக்கலாம். அதற்கு ஒரு பெயர் உண்டு: தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம். சுருக்கமாக டி.ஓ.எஸ்.

பெயர் பயமுறுத்தலாம். விஷயம் எளிமையானது. கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகளும் ரத்தக்குழாய்களும் வழியில் ஒரு குறுகலான இடத்தில் நசுங்குகின்றன. அவ்வளவுதான். ஆனால், இதைக் கண்டுபிடிப்பதற்குள் நோயாளி படும் பாடுதான் பெரிது.

'எல்லாம் மனசுலதான் இருக்கு' என்றார்கள்!

மார்கெல் ஃபுல்ட்ஸ் என்ற அமெரிக்க பாஸ்கெட்பால் வீரரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 2017-ல் என்.பி.ஏ டிராஃப்ட்டில் முதல் ஆளாகத் தேர்வானவர். பிலடெல்ஃபியா அணி அவரை எடுத்தபோது வயது 19. கல்லூரி ஆட்டங்களில் தூரத்திலிருந்து போடும் மூன்று பாயின்ட் ஷாட்களில் 40 சதவிகிதத்துக்கும் மேல் கூடைக்குள் போட்டவர்.

என்.பி.ஏ-வுக்குள் வந்த சில வாரங்களிலேயே அவர் பந்து வீசும் விதமே மாறிப்போனது. கையைத் தலைக்கு மேலே தூக்குவதற்கே திணறினார். ஃப்ரீ த்ரோ போடும்போது நடுவில் கை தடுக்கி நிற்கும். அந்த வீடியோக்கள் இணையம் முழுக்கச் சுற்றின, மீம்கள் பறந்தன. "பயந்துட்டான்", "பிரஷர் தாங்கலை", "மனசுலதான் கோளாறு" என்று ஆளாளுக்கு எழுதினார்கள்.

2018 டிசம்பரில்தான் விடை கிடைத்தது. அவருக்கு இருந்தது நரம்பு வகை டி.ஓ.எஸ். அறுவை சிகிச்சை செய்யவில்லை, பிசியோதெரபிதான். 2019 பிப்ரவரியில் ஒர்லாண்டோ அணிக்கு மாறினார். அடுத்த சீசனில் மீண்டும் களத்தில் இறங்கித் தொடர்ந்து ஆடினார். அவருடைய ஷாட் கெட்டதற்கு முழுக்க முழுக்க இதுதான் காரணமா என்று ரசிகர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள். அது எப்படியோ இருக்கட்டும். உலகத் தரமான மருத்துவர்கள் பக்கத்திலேயே இருக்கும் ஒரு விளையாட்டு வீரருக்கே இவ்வளவு நாள் ஆனதென்றால், நம்மைப் போன்றவர்கள் "எல்லாம் உன் நினைப்புதான்" என்ற பதிலோடு திருப்பி அனுப்பப்படுவதில் ஆச்சர்யம் இல்லை.

கழுத்துக்குள் ஒரு குட்டி டூர்

கண்ணாடி முன்னால் போய் நில்லுங்கள். முகத்தை இடதுபக்கம் திருப்புங்கள். கழுத்தின் வலதுபக்கம், காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்சுக்குழி வரை கயிறு மாதிரி ஒன்று புடைத்துக்கொண்டு நிற்கிறதா? அதுதான் ஸ்டெர்னோக்ளைடோமாஸ்டாய்டு. காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு முண்டில் தொடங்கி, மார்பெலும்பிலும் காறை எலும்பிலும் போய் முடிகிறது. வலதுபக்கத் தசை சுருங்கினால் முகம் இடதுபக்கம் திரும்பும். எதிரும்புதிருமாக வேலை செய்யும் ஆள்!

கழுத்தின் பின்பக்கம் டிரபீசியஸ் தசை. தலையின் பின்பகுதியில் தொடங்கி, தோள்பட்டை வரை விரிந்து, நடுமுதுகு வரை இறங்கும் பெரிய தசை இது. டென்ஷனில் தோள் தானாக மேலே ஏறிக்கொள்கிறதே, அதில் இதற்கும் பங்கு உண்டு. அதற்கு அடியில் லெவேட்டர் ஸ்கேப்புலே. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசினால் வலிக்கும் இடம் இதுதான்.

இப்போது கதையின் ஹீரோவும் வில்லனுமான தசைக்கு வருவோம். காறை எலும்புக்கு மேலே, அந்தக் கயிறு போன்ற தசைக்குப் பின்னால் மெத்தென்று ஒரு குழி இருக்கும். அங்கே ஒருபக்கம் மட்டும் விரலை லேசாக வையுங்கள், அழுத்தாதீர்கள். மல்லிகைப்பூவை முகர்வதுபோல மூக்கால் சட்டென்று மூச்சை இழுங்கள். விரலுக்கு அடியில் ஏதோ இறுகுகிறதா? அதுதான் ஸ்கேலீன் தசை.

ஸ்கேலீன் என்ற பெயரைப் பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். மூன்று பக்கமும் வெவ்வேறு அளவில் இருக்கும் அசமபக்க முக்கோணத்துக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். 'சமமில்லாதது' என்று பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஒவ்வொரு பக்கமும் முன், நடு, பின் என மூன்று ஸ்கேலீன் தசைகள் உள்ளன. மூன்றும் கழுத்து எலும்புகளின் ஓரத்திலிருந்து கிளம்புகின்றன. முன்னதும் நடுவில் இருப்பதும் முதல் விலா எலும்பில் போய் ஒட்டுகின்றன. பின்னது இரண்டாவது விலா எலும்பில் ஒட்டுகிறது.

இவற்றுக்கு இரட்டை வேலை. ஒன்று, கழுத்தைப் பக்கவாட்டில் சாய்ப்பது. இன்னொன்று, மூச்சை இழுக்கும்போது மேல் விலா எலும்புகளைத் தூக்கிவிடுவது. அதாவது, கழுத்துத் தசை உங்கள் சுவாசத்துக்கும் உழைக்கிறது. மாடிப்படி ஏறி மூச்சு வாங்கும்போது இன்னும் அதிகமாக உழைக்கும்.

மூன்று சந்துகள்... அதில் ஒரு டிராஃபிக் ஜாம்

முன் ஸ்கேலீனுக்கும் நடு ஸ்கேலீனுக்கும் இடையில் ஒரு சின்ன முக்கோண இடைவெளி. அதன் தரை, முதல் விலா எலும்பு. கைக்குப் போகும் நரம்புகள் எல்லாம் இந்தச் சந்து வழியாகத்தான் வந்தாக வேண்டும். கழுத்திலிருந்து நான்கு, நெஞ்சின் தொடக்கத்திலிருந்து ஒன்று என ஐந்து நரம்பு வேர்கள் ஒன்றாகிப் பிரிந்து, மறுபடி சேர்ந்து, பின்னல் சடைபோல ஆகின்றன. இதற்கு பிரேக்கியல் பிளெக்சஸ் என்று பெயர். கையை அசைப்பது, விரலில் சூடு குளிர் தெரிவது எல்லாமே இந்தப் பின்னலின் தயவு. தோள் அறுவை சிகிச்சைக்கு மரத்துப்போக ஊசி போடும்போதுகூட, மயக்க மருத்துவர்கள் பெரும்பாலும் தேடுவது இந்த ஸ்கேலீன் இடைவெளியைத்தான்.

நரம்போடு சேர்ந்து கைக்கு ரத்தம் கொண்டுபோகும் சப்கிளேவியன் தமனியும் அதே சந்தில்தான் போகிறது. ரத்தத்தைத் திரும்பக் கொண்டுவரும் சிரை மட்டும் தனிவழி. முன் ஸ்கேலீனுக்கு முன்னால் போகும்.

இந்தச் சந்தைத் தாண்டினால் அடுத்தது, காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவில் இருக்கும் இடுக்கு. இங்கே நரம்பு, தமனி, சிரை மூன்றும் சேர்ந்து போகின்றன. கையைத் தூக்கும்போது இந்த இடுக்கு இன்னும் குறுகும். மூன்றாவது, நெஞ்சின் மேல்பகுதியில் பெக்டோரலிஸ் மைனர் என்ற தசைக்கு அடியில். தோள் முன்னோக்கிக் கூனிப்போனால் இந்தத் தசை சுருங்கி இறுகிவிடும்.

இந்த மூன்றில் எங்கே நசுங்கினாலும் டி.ஓ.எஸ்தான். சுண்டுவிரலும் மோதிரவிரலும் முதலில் மரத்துப்போவது ஏன் தெரியுமா? அந்த விரல்களுக்குப் போகும் நரம்பு வேர்கள் பின்னலின் அடியில் இருக்கின்றன; முதல் விலா எலும்பின்மேல் உட்கார்ந்தபடிதான் கடந்து போகின்றன. இடநெருக்கடி வந்தால் முதல் அடி அவற்றுக்குத்தான்.

எது நசுங்குகிறதோ அதைப் பொறுத்து மூன்று வகை

* நரம்பு வகை: டி.ஓ.எஸ் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் இந்த வகைதான். கழுத்து, தோள், கை வலி, விரல்களில் மரத்துப்போதல், பிடிமானம் குறைவது, டம்ளர் கை நழுவுவது. கையைத் தூக்கினால் அதிகமாகும். சிலருக்குப் பின்மண்டையில் தலைவலியும் வரும். வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டால், அரிதாக உள்ளங்கையின் சதை, முக்கியமாகக் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் மேடு, வற்றிப்போகும். வற்றிய தசை பழையபடி திரும்புவது கஷ்டம்.

* சிரை வகை: திடீரென்று ஒரு கை மட்டும் வீங்கும், நீலம் பாரிக்கும், கனக்கும். தோளிலும் நெஞ்சிலும் நரம்பு புடைத்த மாதிரி சிரைகள் தெரியும். சிரைக்குள் ரத்தம் உறைந்துபோனதன் அடையாளம் இது. ஆரோக்கியமான இளைஞர்களுக்கு, ஜிம்மிலோ மைதானத்திலோ கையைப் போட்டு வாட்டியெடுத்த பிறகு வரும். 19-ம் நூற்றாண்டிலேயே இதை விவரித்த இரண்டு மருத்துவர்களின் பெயரால் பேஜட்-ஷ்ரோட்டர் சிண்ட்ரோம் என்கிறார்கள். உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

* தமனி வகை: நூற்றில் ஒருவருக்கு. கை வெளிறி, ஜில்லென்று ஆகும், வேலை செய்தால் வலிக்கும், நாடித்துடிப்பு குறையும், விரல் நுனியில் ஆறாத சின்னச் சின்னப் புண்கள் வரலாம்.

யாருக்கு வரும்?

சிலர் பிறக்கும்போதே கழுத்தில் ஓர் எக்ஸ்ட்ரா விலா எலும்போடு பிறக்கிறார்கள். 'செர்விக்கல் ரிப்' என்பார்கள். நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான் இது இருக்கும். அவர்களிலும் பெரும்பாலானோர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்துவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு, விபத்தில் கழுத்து முன்னும் பின்னும் வெட்டியதுபோல ஆடியதால் தசைகளில் தழும்பு ஏற்பட்டு வரலாம். கையைத் தலைக்கு மேலே தூக்கியே வேலை செய்பவர்களுக்கும் வரலாம். நீச்சல், வாலிபால் வீரர்கள், வெயிட் தூக்குபவர்கள், பெயின்ட் அடிப்பவர்கள், முடிதிருத்துபவர்கள், வயலின் வாசிப்பவர்கள் எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு.

பேஸ்பாலில் பந்து எறிபவர்களுக்கு இது தெரிந்த எதிரி. நியூயார்க் மெட்ஸ் அணியின் மாட் ஹார்வி 2016 ஜூலையில் இதற்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டார். மறுவருடமே திரும்பி வந்து பந்து வீசினார். ஆனால், பழைய ஹார்வி திரும்பவில்லை.

போனுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

'போன் பார்த்தால் டி.ஓ.எஸ் வந்துவிடும்' என்று சொன்னால் அது பொய். ஆனால், சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. நேராக இருக்கும்வரை கழுத்து அதைச் சுலபமாகச் சுமக்கும். 2014-ல் கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற அமெரிக்க முதுகெலும்பு அறுவை சிகிச்சை மருத்துவர் ஒரு கணினி மாதிரி வைத்துக் கணக்குப் போட்டார். தலையை 60 டிகிரி குனிந்தால் கழுத்தின்மீது விழும் விசை சுமார் 27 கிலோவுக்குச் சமம் என்று வந்தது. இது கணினிக் கணக்குதான். நிஜக் கழுத்தில் அளந்தது இல்லை. ஆனாலும், தலை குனியக் குனிய சுமை ஏறும் என்பது லாஜிக்கான விஷயம்.

அதைவிட முக்கியமானது தோள். தலை முன்னால் நீண்டு, தோள் கூனி, நெஞ்சு உள்வாங்கி மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தால் ஸ்கேலீனும் பெக்டோரலிஸ் மைனரும் இறுகும். அந்தச் சந்துகள் குறுகும். ஏற்கெனவே இடம் கம்மியாகப் பிறந்தவருக்கு அதுவே போதும், வேலையைக் காட்ட. போதாக்குறைக்கு ஒரே தோளில் லேப்டாப் பை வேறு!

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

இதில்தான் சிக்கல். 'ஆமாம்' என்றோ 'இல்லை' என்றோ அடித்துச் சொல்லும் ஒற்றை டெஸ்ட் இதற்குக் கிடையாது. மருத்துவர் முதலில் உங்கள் கதையைக் கேட்பார். பிறகு, 'கையைத் தூக்கு' என்று போலீஸ் சொன்னால் நிற்பதுபோல இரண்டு கைகளையும் தூக்கி, முழங்கையை மடக்கி, மூன்று நிமிடங்கள் விரல்களை மூடித்திறக்கச் சொல்லலாம். டி.ஓ.எஸ் உள்ள பலரால் மூன்று நிமிடங்கள் தாக்குப்பிடிக்க முடியாது. இன்னொன்று ஆட்சன் டெஸ்ட். கழுத்தைத் திருப்பி மூச்சை இழுத்துப் பிடிக்கும்போது மணிக்கட்டில் நாடி குறைகிறதா என்று பார்ப்பார்கள். ஆனால், எந்த நோயும் இல்லாதவர்களுக்கும் இந்த டெஸ்ட்களில் 'பாசிட்டிவ்' வரும். அதனால் யூடியூப் பார்த்து வீட்டிலேயே செய்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள்.

எக்ஸ்ரேயில் எக்ஸ்ட்ரா விலா எலும்பு இருந்தால் தெரிந்துவிடும். டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டம் தெரியும். நரம்புப் பரிசோதனை நார்மல் என்று வந்தாலும் நரம்பு வகை டி.ஓ.எஸ் இல்லை என்று அர்த்தம் ஆகாது. 'ரிப்போர்ட் நார்மல், ஆனா வலி இருக்கு' என்று பலர் அலைவது இதனால்தான். சில இடங்களில் முன் ஸ்கேலீன் தசையில் மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்ப்பார்கள். வலி குறைந்தால், குற்றவாளி அதுதான் என்ற சந்தேகம் வலுக்கும்.

இதே மாதிரி ஏமாற்றும் வேறு நோய்களும் உண்டு. கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மரத்து, ராத்திரி தூக்கம் கலைந்தால் மணிக்கட்டில் நரம்பு நசுங்கும் கார்பல் டனல் சிண்ட்ரோமாக இருக்கலாம். முழங்கையில் நரம்பு நசுங்கினால் சுண்டுவிரல் மரக்கும். கழுத்தில் டிஸ்க் விலகியிருந்தாலும் கைக்கு வலி இறங்கும். சர்க்கரை நோயும் பி12 குறைபாடும் விரல்களைத் தொடும். ஆனால், அவை பெரும்பாலும் இரண்டு பக்கமும், முதலில் பாதத்திலும் தெரியும்.

சிகிச்சை: முதலில் கத்தி இல்லை

தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம் என்ற பெயர் மருத்துவ உலகில் நிலைத்தது 1956-ல், அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் எழுதிய ஒரு கட்டுரையால். சுவாரஸ்யம் என்னவென்றால், அந்தக் கட்டுரையே உடற்பயிற்சியால் இதைக் குணப்படுத்துவது பற்றியதுதான். இன்றைக்கும் நரம்பு வகைக்கு முதல் சிகிச்சை அதுவே. இறுகிய தசைகளைத் தளர்த்துவது, தளர்ந்த தோள்பட்டைத் தசைகளை வலுவாக்குவது, வயிற்றால் மூச்சு விடப் பழகுவது. பிசியோதெரபிஸ்ட்டின் மேற்பார்வையில் சில மாதங்கள் பொறுமையாகச் செய்ய வேண்டும். ஒரே வாரத்தில் மாயம் நடக்காது.

அதிலும் சரியாகவில்லை, தசை பலவீனம் கூடுகிறது என்றால் அறுவை சிகிச்சை. முதல் விலா எலும்பை அகற்றி, ஸ்கேலீன் தசையை வெட்டிவிட்டு வழியை அகலமாக்குவார்கள். ரத்தக்குழாய் வகைகளுக்கு மட்டும் இந்தப் பொறுமை கூடாது. சிரை உறைவுக்கு, கட்டியைக் கரைக்கும் சிகிச்சையை முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். 'வீக்கம் தானா வடிஞ்சிரும்' என்று தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்த வாய்ப்பு கைநழுவிப் போகும்.

இன்றைக்கே ஆரம்பிக்கலாம்!

1. போனைக் கண்ணுக்கு நேராகக் கொண்டுவாருங்கள். முழங்கைக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் கை தொங்காது, தோளும் ஏறாது.

2. பையை இரண்டு தோளிலும் மாட்டுங்கள். 'ஸ்டைலா இல்லை' என்பவர்கள் பக்கத்தை அடிக்கடி மாற்றியாவது போடுங்கள்.

3. தலைக்கு மேலே கையை மடக்கி வைத்துத் தூங்கும் பழக்கத்தை விடுங்கள்.

4. நாற்காலியில் நேராக உட்கார்ந்து, வலது கையை வலது தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, தலையை மெதுவாக இடதுபக்கம் சாயுங்கள். 20 விநாடிகள். பிறகு மறுபக்கம். லேசாக இழுத்தால் போதும். விரலில் மரத்துப்போகும் உணர்வு வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

5. ஒரு கை நெஞ்சிலும் ஒரு கை வயிற்றிலும் வைத்து மூச்சு விடுங்கள். வயிற்றுக் கை மட்டும் உயர வேண்டும். நெஞ்சுக் கை உயர்ந்தால் கழுத்துத் தசை ஓவர்டைம் பார்க்கிறது என்று அர்த்தம்.

6. ஜிம்மில் தலைக்கு மேலே எடை தூக்கும்போது கை மரத்தால், 'நோ பெயின் நோ கெயின்' வசனத்தை ஓரமாக வைத்துவிட்டு எடையைக் கீழே வையுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

ஒரு கை திடீரென்று வீங்கி நீலமானாலோ, வெளிறி ஜில்லென்று ஆனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அதோடு மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் சேர்ந்தால் 108-ஐ அழையுங்கள். வியர்வையோடு நெஞ்சுவலி வந்து இடது கைக்குப் பரவினால் அது இதயத்தின் சிக்னலாக இருக்கலாம். கழுத்து என்று நினைத்துத் தாமதிக்காதீர்கள். கட்டைவிரல் மேடு மெலிகிறது, சட்டை பட்டன் போட முடியவில்லை என்றால் நரம்பியல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது வெறுமனே "கை வலிக்குது டாக்டர்" என்று சொல்லாதீர்கள். எந்த விரல், கை எந்த நிலையில் இருக்கும்போது, எத்தனை நிமிடத்தில், இறக்கினால் சரியாகிறதா என்று ஒரு வாரம் போனிலேயே குறித்துவைத்துக்கொண்டு போங்கள். ரிப்போர்ட் சொல்லாததை அந்தக் குறிப்பு சொல்லிவிடும்.

ஃபுல்ட்ஸைக் கிண்டல் செய்தவர்கள் அவருடைய கையைத்தான் பார்த்தார்கள். கோளாறு அதற்கு ஒரு சாண் மேலே இருந்தது. அடுத்த முறை உங்கள் நண்பர் யாராவது "கையைத் தூக்கினா மரத்துப்போகுதுடா" என்று சொன்னால், "எல்லாம் உன் நினைப்பு" என்று சொல்லிவிடாதீர்கள். "கழுத்தைக் காட்டினியா?" என்று கேளுங்கள்.